ஏழுமலையான் வாசலில் ஒரு மதுரைக் குரல்

விடியற்காலை நான்கு மணிக்குத் திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே வந்து நின்று பாருங்கள். இரவு வண்டியில் வந்து இறங்கிய கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு மலைக்குப் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கும். மொட்டையடித்த குழந்தைகள் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். எதிரே உள்ள டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். அந்தக் கடையிலிருந்தும், பக்கத்துச் சாமி படக் கடையிலிருந்தும், புறப்படத் தயாராக நிற்கும் வேனிலிருந்தும் ஒரே குரல்தான் கேட்கும். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இரவு முறை முடியப்போகிறது என்பதற்கு அந்தக் குரலே அடையாளம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அது வேங்கடேச சுப்ரபாதம். பாடுபவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அந்த இசைத்தட்டு வெளிவந்தது 1963-ஆம் ஆண்டில். அம்மையார் மறைந்தது 2004-ஆம் ஆண்டில். இசைத்தட்டு போய்க் காசெட் வந்தது. காசெட் போய்க் குறுந்தகடு வந்தது. அதுவும் போய் இப்போது எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையோடு தனிப்பட்ட ஒரு சொந்தம் உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையில் ஒரு வீணை வீடு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெருவில், 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி சுப்புலட்சுமி பிறந்தார். தாயார் சண்முகவடிவு பெயர் பெற்ற வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. அந்த மரபில் பிள்ளைகளுக்குத் தாயின் பெயரே முன்னெழுத்தாக அமையும். எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துக்களில் மதுரையும் சண்முகவடிவும் இருக்கிறார்கள்.

அக்காலத்தில் அத்தகைய குடும்பங்களில் கலை நிறைய இருந்தது; சமூகத்தின் மதிப்பு குறைவாக இருந்தது. வீட்டிலேயே எந்நேரமும் பாட்டுக் கேட்டு வளர்ந்த பெண், பள்ளிக்கூடம் போனதைவிடச் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். பத்து வயதில், 1926-ஆம் ஆண்டில், தாயாரின் வீணையோடு சேர்ந்து முதல் இசைத்தட்டில் பாடினார். சபா மேடைக்குப் பெயர் எட்டுவதற்கு முன்பே ரிக்கார்டு மூலம் அவர் குரல் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. பிற்காலத்தில் நடக்கப்போவதற்கு அது ஒரு முன்னறிவிப்புப் போலவே அமைந்தது.

பதின்ம வயதிலேயே சென்னை மியூசிக் அகாடமி மேடையில் பாடிப் பெரிய வித்துவான்களின் கவனத்தைக் கவர்ந்தார். பெண்கள் தனிக் கச்சேரி செய்வது அரிதாக இருந்த காலம் அது. 1936-ஆம் ஆண்டில் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு அறிமுகமானவர் டி. சதாசிவம். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர், ராஜாஜியின் அன்பர், ஆனந்த விகடனில் பணியாற்றியவர். 1940-ஆம் ஆண்டு திருநீர்மலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்று முதல் அம்மையாரின் கச்சேரி, பாட்டுத் தேர்வு, வெளியூர்ப் பயணம், வரவு செலவு எல்லாவற்றையும் சதாசிவமே கவனித்துக்கொண்டார்.

சினிமாவும் சித்தூர் நாகையாவும்

1938-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய சேவாசதனம் படத்தில் சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்தார். 1940-இல் ஜி.என். பாலசுப்பிரமணியத்துடன் சகுந்தலை. 1941-இல் சாவித்திரி, அதில் ஆண் வேடம் தரித்து நாரதராக வந்தார். அந்தப் படத்தில் கிடைத்த ஊதியம் கல்கி பத்திரிகையைத் தொடங்க உதவியது. மனைவி பாடிச் சம்பாதித்த பணம் தமிழ்நாட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகையைக் கொடுத்தது.

1945-இல் வந்த மீரா படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். அதில் மீராவின் கணவரான ராணாவாக நடித்தவர் வேறு யாருமல்லர், நம் சித்தூர் வி. நாகையாதான். குண்டூர் மாவட்டத்தில் பிறந்து, சித்தூர் ராமவிலாச சபையின் நாடக மேடையில் வளர்ந்து, ஊர்ப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர் அவர். பக்த போதனாவாகவும், தியாகய்யாவாகவும், யோகி வேமனாவாகவும் தெலுங்கு மக்கள் கண்ட அதே மனிதரைத் தமிழ் மக்கள் மீராவின் கணவராகக் கண்டார்கள். மதுரைக் குரலும் சித்தூர்ப் பெயரும் ஒரே திரையில் சேர்ந்த அந்தப் படம் 1947-இல் இந்தியிலும் வந்தது. வடநாடு முழுவதும் அம்மையாரை அறிந்துகொண்டது. அதன் பிறகு அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார். புகழ் உச்சியில் இருக்கும்போது விலகுவது எளிதான காரியமல்ல.

1947-ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்தநாளையொட்டி, அவருக்குப் பிடித்த ஒரு மீரா பஜனையைப் பாடி அனுப்ப வேண்டும் என்று டில்லியிலிருந்து கேட்டார்கள். புதிதாகக் கற்று, இரவோடிரவாக ஒலிப்பதிவு செய்து விமானத்தில் அனுப்பினார்கள். சில மாதங்களில், 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகள் சுடப்பட்ட செய்தியைத் தொடர்ந்து, வானொலியில் அதே பஜனை ஒலித்தது. தம் குரலைத் தாமே அந்த வேளையில் கேட்ட அம்மையார் மயங்கி விழுந்தார் என்பார்கள். பாடியவர் ஓரிடத்தில் இருக்க, பாட்டு வேறெங்கோ ஒரு தேசத்தின் துக்கத்தைச் சுமந்து நின்றது. ஒலிப்பதிவு என்பதன் வலிமை அது.

1963-இல் வந்த ரிக்கார்டு

பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடந்தான் பாட முடியும். கீர்த்தனையைக்கூடச் சுருக்கித்தான் பாட வேண்டும். லாங்பிளே ரிக்கார்டு வந்த பிறகே ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. நீண்ட தோத்திரம் ஒன்றைத் தொடர்ச்சியாகப் பாடிப் பதிய அதுவே வழி திறந்தது. எச்.எம்.வி. நிறுவனத்துக்காக அம்மையார் வேங்கடேச சுப்ரபாதத்தைப் பாடினார். அவரோடு சேர்ந்து பாடியவர் மகள் ராதா. மீரா படத்தில் சிறுமி மீராவாக வந்தவரும் இவரே. எத்தனையோ ஆண்டுகள் தாயின் குரலுக்கு நிழலாக மேடையில் அமர்ந்தவர்.

சுப்ரபாதத்தை இயற்றியவர் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன். மணவாள மாமுனிகளின் சீடர். சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என நான்கு பகுதிகள், மொத்தம் 70. முதல் சுலோகம் வால்மீகி ராமாயணத்திலிருந்து எடுத்தது. காட்டில் உறங்கும் இளம் ராமனை விசுவாமித்திரர் எழுப்பும் இடம் அது.

மலைமீது இது இன்றும் தினந்தோறும் நடக்கும் சேவை. பொழுது விடிவதற்கு வெகு முன்பே, தங்க வாசலுக்கு முன்னால் நின்று சுலோகங்களை ஓதுவார்கள். அதே வேளையில் அன்னமாச்சாரியார் வம்சத்தார் தெலுங்கில் துயிலெழுப்பும் பாட்டுப் பாடுவார்கள். மார்கழி மாதம் வந்தால் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவை. வடமொழி, தெலுங்கு, தமிழ் மூன்றும் ஏழுமலையான் வாசலில் முறை வைத்துக் காத்திருக்கின்றன. சண்டையில்லை.

இந்த இடத்தில் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு போயிற்று. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ம.பொ.சிவஞானம் போன்றவர்கள் போராடினார்கள். படாஸ்கர் ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; திருப்பதியும் சித்தூரும் இங்கேயே நின்றன. நம் பெரியவர்கள் மனத்தில் அந்த வடு ஆறாதிருந்த காலம். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து இந்த ரிக்கார்டு வந்தது. காஞ்சிபுரத்தோடு தொடர்புள்ள ஓர் ஆசாரியரின் வடமொழிச் சுலோகம், மதுரைப் பெண்ணின் குரல், ஆந்திரத்து மலை. இதைத் தமிழரும் தெலுங்கரும் ஒரே வீதியில், ஒரே வேளையில் வாங்கிக் கேட்டார்கள். எல்லைக் கல்லை யாரும் பெயர்த்து நடவில்லை. ஆனால் விடியற்காலையில் மட்டும் அந்தக் கல் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஏன் இந்த ஈர்ப்பு?

சுப்ரபாதத்தை அம்மையாருக்கு முன்னும் பாடியிருக்கிறார்கள், பின்னும் பாடியிருக்கிறார்கள். ஆனால் மக்கள் மனத்தில் நிலைத்தது இது ஒன்றே. காரணம் என்ன என்று ஆராய்ந்தால் சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, உச்சரிப்பு. அம்மையார் தம் தாய்மொழியல்லாத எந்த மொழியில் பாடினாலும், அறிந்தவர்களிடம் சொல்லைச் சரிபார்த்துக்கொண்டு, பொருள் கேட்டு, பலமுறை ஓதிப் பழகிய பிறகே பாடுவார். கூட்டெழுத்து நிறைந்த வடமொழிச் சுலோகங்களில் ஓர் எழுத்துக்கூட விழுங்கப்படுவதில்லை. வடமொழியே தெரியாத நம் வீட்டுப் பெண்கள் ரிக்கார்டைக் கேட்டே எழுபது சுலோகங்களையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சித்தூரில் என் பாட்டி அப்படிப்பட்டவர். கையெழுத்துக்கு மேல் அதிகம் எழுதத் தெரியாதவர். காசெட் நின்றுபோனாலும் அடுப்படியில் அவர் குரல் நிற்காது.

இரண்டாவது, அடக்கம். அம்மையார் பெரிய வித்துவான். ராகத்தை விரித்தும், சுரத்தை அடுக்கியும் பாடக்கூடியவர். அந்த வித்தை ஒன்றையும் இதில் காட்டவில்லை. சுலோகத்துக்குச் சுலோகம் ஏறக்குறைய ஒரே நடை. கேட்பவர் பாட்டை ரசிக்க உட்கார வேண்டியதில்லை. வாசல் தெளிக்கலாம், பால் காய்ச்சலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்யலாம். அந்த வேலைகளோடு சேர்ந்தே அது நடக்கும்.

மூன்றாவது, வேளை. மற்ற ரிக்கார்டுகளை விரும்பியபோது போட்டுக் கேட்கிறோம். இதை வைகறையில் மட்டுமே கேட்கிறோம். ஒரு நாளின் தொடக்கத்தோடு ஒரு குரல் கட்டப்பட்டுவிட்டால், பிறகு அதைப் பிரிக்க முடியாது. பிறந்த வீட்டில் கேட்டவர்கள் புகுந்த வீட்டிலும் அதையே தேடினார்கள்.

இதில் ஒரு குறை சொல்பவர்களும் உண்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் சிலர், அம்மையாரின் முழுத் திறமையைச் சுப்ரபாதம் மறைத்துவிட்டது என்பார்கள். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1968-இல் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர். அப்படிப்பட்டவரை டீக்கடை ரிக்கார்டு மூலம் மட்டுமே அறிந்திருப்பது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் பாடிய தோடியையும் சங்கராபரணத்தையும் தேடிக் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்கள், சபா வாசலையே பார்த்திராதவர்கள், இந்த ஒரு ரிக்கார்டால்தான் ஒரு மகாவித்துவாம்சினியின் குரலைத் தம் வீட்டுக் குரலாகப் பெற்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கொடுத்ததும் பெற்றதும்

இந்த ரிக்கார்டின் ராயல்டி வருமானத்தை அம்மையார் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றப் பல ரிக்கார்டுகளின் வருமானமும் இவ்வாறே வெவ்வேறு தர்மங்களுக்குப் போயிற்று. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்கு ஐந்து கச்சேரிகள் செய்ததிலிருந்து, மருத்துவமனை, பள்ளி, கோயில் என்று அவர் பாடிச் சேர்த்துக் கொடுத்த தொகைக்குக் கணக்கில்லை.

கொடுத்த கைக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. பத்திரிகை நிர்வாகத்தின் பணச் சிக்கலால், சென்னை கீழ்ப்பாக்கத்தில் கல்கி கார்டன் என்று பெயர் பெற்றிருந்த விசாலமான வீட்டையும் தோட்டத்தையும் விற்க நேர்ந்தது. நேருவும் ராஜாஜியும் மதித்த தம்பதி, முதிய வயதில் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1974-இல் மகசேசே விருது, 1975-இல் பத்ம விபூஷண் என்று கௌரவங்கள் வந்தன. கௌரவம் வேறு, வீட்டுச் செலவு வேறு.

அப்போதுதான் திருப்பதி தன் கடனை நினைத்துக்கொண்டது. தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். சும்மா ஒரு தொகையைக் கொடுத்தால் அம்மையார் வாங்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே தேவஸ்தானத்துக்காக அவரைப் பாடச் செய்து, ரிக்கார்டாக வெளியிடுவது என்று முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் பாலாஜி பஞ்சரத்னமாலா என்ற ஐந்து லாங்பிளே ரிக்கார்டுகள். 1979, 80-ஆம் ஆண்டுகளில் உருவானவை அவை.

இதற்காக அவர் புதிதாகக் கற்றவற்றுள் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள் முக்கியமானவை. 1408-இல் பிறந்து 1503-இல் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் நூற்றாண்டுகளாக அடைந்து கிடந்தன. 1922-ஆம் ஆண்டில்தான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஆனால் மெட்டுகள் மறைந்துவிட்டன. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் புதிதாக மெட்டமைத்தார்கள். அந்த வழியில் வந்த நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி தாம் மெட்டமைத்த கீர்த்தனைகளை அம்மையாருக்குக் கற்றுக்கொடுத்தார்.

அப்போது அம்மையாருக்கு வயது 63. உலகம் சுற்றி வந்தவர், விருதுகள் பெற்றவர். தம்மைவிட வயதில் இளையவரான ஆசிரியர் முன்னால் மாணவியைப் போல உட்கார்ந்து தெலுங்குச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகினார். இன்று அன்னமய்யாவின் கீர்த்தனைகளைத் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில்கூடப் பாடுகிறார்கள் என்றால், அதற்கு அந்த ஐந்து ரிக்கார்டுகள் பெரிய காரணம். உதவி செய்ய நினைத்தவர்கள் கொடுத்தது பணம். உதவி பெற்றவர் திருப்பிக் கொடுத்தது ஒரு பொக்கிஷம். யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்று இப்போது கணக்குப் பார்க்க முடியாது.

பூர்ணகும்பம் வட்டத்தில்

1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன் பிறகு அம்மையார் மேடையேறவில்லை. 1998-இல் பாரத ரத்னா விருது வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் இசைக் கலைஞர் அவரே. 2004 டிசம்பர் 11-ஆம் தேதி சென்னையில் மறைந்தார். அது சென்னையில் சங்கீத சீசன் நடந்துகொண்டிருந்த வேளை. மார்கழி பிறக்கச் சில நாட்களே இருந்தன.

2006-ஆம் ஆண்டில் திருப்பதி நகரில் பூர்ணகும்பம் வட்டத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. தெலுங்கு நாட்டில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, அரசியல்வாதியோ சினிமா நட்சத்திரமோ என்று அல்லாமல் பாடகி என்பதற்காக, நடுத்தெருவில் சிலை. மலைக்குப் போகிறவர்கள் அவசரத்தில் அதைப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குள் ஒலிக்கும் குரலுக்கு உரியவர் வெளியே நிற்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறார்கள். நாளை நம்மிடம் எது மிஞ்சும் என்ற கவலை நியாயமானதே. அம்மையார் தம் மொழியை விட்டுக்கொடுக்காமல் பிறர் மொழியைப் பிழையின்றிச் சொன்னார். அதனால்தான் எல்லோருக்கும் சொந்தமானார். இந்த மண்ணில் வாழும் நமக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

அடுத்த முறை விடியற்காலையில் டீக்கடையில் சுப்ரபாதம் கேட்டால், ஒரு நிமிடம் கையிலுள்ள டம்ளரை வைத்துவிட்டுக் கவனித்துக் கேளுங்கள். பெரிய குரலுக்குப் பின்னால் மெல்ல ஒரு மகளின் குரலும் சேர்ந்து வருவது தெரியும். இத்தனை நாள் கேட்டும் நாம் கேட்காமல் விட்ட குரல் அது.